போனை எடுப்பவர் திருடர் மட்டுமே

இந்த நாட்டில் மிகச் சிறந்த வாடிக்கையாளர் சேவையைத் தருபவர்கள் யார் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: திருடர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பணம் அனுப்பும் செயலி ஏதாவது ஒன்றின் பெயரைக் கூகுளில் போட்டு, பக்கத்திலேயே 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தட்டிப் பாருங்கள். வேண்டாம், தட்டாதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். வந்து விழுவதில் எங்கேயாவது ஒரு பத்து இலக்கக் கைபேசி எண் பதுங்கியிருக்கும். கூப்பிட்டால் இரண்டாவது மணிக்குள் ஒருவர் எடுப்பார். "வணக்கம்மா, சொல்லுங்க" என்பார். வீணை இசை போட்டுக் காக்கவைக்க மாட்டார். தமிழுக்கு இரண்டை அழுத்து, இந்திக்கு ஒன்றை அழுத்து என்று அலைக்கழிக்க மாட்டார். உங்கள் கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்பார், நடுநடுவே 'ம்' கொட்டுவார். "நீங்க டென்ஷனே ஆகாதீங்க, பத்து நிமிஷத்துல பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும், அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்பார். சொன்ன சொல் தவற மாட்டார். ஒரு சின்ன செயலியை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொல்லி, கணக்கில் கடைசி ரூபாய் இருக்கும்வரை உங்களை விட்டு நகர மாட்டார்.

உண்மையான நிறுவனம் எதுவும் இவ்வளவு பரிவு காட்டி நான் பார்த்ததில்லை.

இந்தத் திருட்டு ரிசர்வ் வங்கிக்குத் தெரியாததல்ல. எனிடெஸ்க் மாதிரியான செயலிகளை வைத்து அடுத்தவர் கைபேசிக்குள் புகுந்து கணக்கைத் துடைக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. தேடுபொறியில் போலிச் சேவை எண்களை விதைத்துவைக்கிறார்கள் என்று 2022 மார்ச்சில் ஒரு கையேட்டில் எழுதியது. அதோடு விட்டதா? அதே ஆண்டு, ஏமாறுவது எப்படி என்று நாற்பது விதமாகப் படம் போட்டு விளக்கும் புத்தகம் ஒன்றும் வந்தது. தலைப்பு, 'ராஜுவும் நாற்பது திருடர்களும்'. ஏமாறுவதற்கென்றே பிறந்த ராஜு பக்கத்துக்குப் பக்கம் ஏமாறுகிறார், பக்கத்துக்குப் பக்கம் அவருக்குப் புத்தி சொல்லப்படுகிறது. தெரியாத எண்ணைக் கூப்பிடாதே ராஜு. ஓடிபியைச் சொல்லாதே ராஜு. நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார் ராஜு.

ராஜு பார்த்தார், ஐயா. அங்கே எண் இல்லை. இருந்த இடத்தில் கூப்பிட்டார், "உங்கள் சந்தேகங்களுக்குச் செயலியில் உள்ள உதவிப் பகுதியைப் பார்க்கவும்" என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவர் கூகுளுக்குப் போனார். போனை எடு என்று கம்பெனிக்குப் புத்தி சொல்லும் படப் புத்தகத்தை யார் போடுவது? தலைப்பு வேண்டுமானால் நான் தருகிறேன்: 'நாற்பது கம்பெனிகளும் ஒரு ராஜுவும்'.

செயலிக்குள் உதவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் கையைத் தூக்குங்கள். முகப்பில் கடன் இருக்கிறது. தங்கம் இருக்கிறது. காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு, மின்கட்டணம், ஃபாஸ்டாக், தீபாவளிக்குச் சுரண்டிப் பார்க்கும் பரிசுச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. மூலையில் எறும்பளவு ஒரு கேள்விக்குறி. அதைத் தொட்டால் தலைப்புகள் வரும். தலைப்பைத் தொட்டால் உட்தலைப்பு, அதைத் தொட்டால் கேள்வி-பதில், பதிலின் அடியில் "இது உதவியாக இருந்ததா?" 'இல்லை' என்று அழுத்தினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி தலைப்புகளிலேயே கொண்டுவந்து நிறுத்தும். இதையெல்லாம் கவனக்குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடன் வாங்க மூன்று தொடுதல் போதும் என்று அமைத்தவர்களும் இதே பொறியாளர்கள்தான். படித்த பிள்ளைகள், கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வெள்ளைப் பலகையில் படம் வரைந்து, உங்களை எந்தத் திருப்பத்தில் களைப்படைய வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

களைக்காமல் கடைசிவரை போனவருக்குப் பரிசாக ஒரு பொம்மை கிடைக்கும். அரட்டைப் பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் அதற்கு அழகான பெண் பெயர் ஒன்று உண்டு. அதனுடன் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"பணம் கட் ஆயிடுச்சு. ஆனா கடைக்காரருக்குப் போகல."

"வணக்கம்! உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி. கடை தேடுகிறீர்களா?"

"இல்லை. பணம் போகல. 1,850 ரூபாய்."

"உங்கள் இருப்பை அறிய உங்கள் ரகசிய எண்ணைப் பயன்படுத்தவும்."

"மனுஷங்க யார்கிட்டயாவது பேசணும்."

"நிச்சயமாக! கீழ்க்காணும் தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

"ஏய்."

"உங்களுக்கு முன்ஒப்புதல் பெற்ற தனிநபர் கடன் ரூ. 2,00,000 காத்திருக்கிறது!"

நான்கு நிமிடம் பதில் தட்டாவிட்டால், "உங்கள் கோரிக்கை வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்கும். அதன் கடமையுணர்ச்சி அப்படி.

இந்த 1,850 ரூபாயைக் கொஞ்சம் பின்தொடர்வோம். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்தீர்கள். உங்கள் கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. பணம் வந்ததைக் கூவி அறிவிக்கும் கல்லாப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. "வரலையே சார்" என்கிறார் அண்ணாச்சி. பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுகிறார். மானத்துக்குப் பயந்து இன்னொரு தடவை அனுப்புகிறீர்கள். இப்போது முதலில் போன பணத்துக்கு யார் பொறுப்பு? நீங்கள் திறந்து வைத்திருக்கும் செயலி வங்கி இல்லை. யுபிஐ விதிப்படி அது மூன்றாம் தரப்பு. அதற்குத் துணைநிற்கும் வங்கி ஒன்று உண்டு. பிறகு உங்கள் வங்கி. பிறகு அண்ணாச்சியின் வங்கி. எல்லாவற்றுக்கும் நடுவில் 2016இல் இந்தப் பாதையைப் போட்டுக்கொடுத்த என்பிசிஐ. யாரிடம் முதலில் முறையிடுவது என்று என்பிசிஐயே படிக்கட்டும் கட்டியிருக்கிறது: செயலி, அதன் துணை வங்கி, உங்கள் வங்கி, அப்புறம் என்பிசிஐ, அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஒரு கிலோ உளுத்தம்பருப்புக்கும் ஒரு டின் எண்ணெய்க்கும் இத்தனை படி ஏறினால் சபரிமலைக்கு மாலை போட்ட புண்ணியமாவது கிடைக்கவேண்டும்.

முதல் படியில் பொம்மை, "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்" என்கிறது. வங்கிக் கிளைக்குப் போனால் அந்தத் தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "நம்ம சைடுல சக்ஸஸ்னு காட்டுது சார், ஆப்ல ரெய்ஸ் பண்ணுங்க" என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. அவர் பக்கம் பணம் போய்விட்டது. செயலியின் பக்கம் வரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறதே, பணம் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் போன் இணைப்பு இல்லை.

பெரும்பாலும் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் யுபிஐ வழியாக நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. உலகத்தில் வேறெந்த நாடும் இப்படி ஒன்றைச் செய்து காட்டியதில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், பேசட்டும், சாதனைதான். ஆனால் லட்சத்தில் ஒன்று மட்டும் கோணிக்கொண்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு லட்சம் பேர் பொம்மையின் முன்னால் "ஏய்" என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். மேடையில் வாசிக்கும் புள்ளிவிவரத்தில் இவர்களுக்கு இடமில்லை.

இவர்களுக்கென்று சட்டம் இல்லாமலும் இல்லை. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை எடுத்துப் படியுங்கள், கண்ணீர் வரும். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்ததென்றால் ஐந்து நாளுக்குள். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கட்டும் என்று காத்திராமல் தாங்களாகவே கொடுக்க வேண்டுமாம்! தாங்களாகவே! என் தெருவில் விசாரித்துவிட்டேன், அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன், சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பந்தியாக விசாரித்துவிட்டேன். அந்த 100 ரூபாயைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டவரே இல்லை. கேட்காமலே தர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கலாம் என்றால், கேட்பதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டுமே.

"இத்தனை கோடிப் பேருக்கு மனிதர்களை வைத்தால் கட்டுப்படி ஆகுமா? யுபிஐயில் எங்களுக்கு வருமானமே கிடையாது" என்று கம்பெனிக்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது உண்மை. மனிதர்களுக்குப் பஞ்சம் என்பது மட்டும் சுத்தப் பொய்.

மனிதர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டில் கைவைத்த நேரம் பார்த்து, "சார், உங்க சிபில் ஸ்கோர் சூப்பரா இருக்கு, லோன் எலிஜிபிலிட்டி வந்திருக்கு" என்று கூப்பிடும் பெண் மனிதர். பெயர் தெரியும், ஊர் தெரியும், உங்கள் தமிழிலேயே பேசத் தெரியும். கடன் தவணை ஒரு நாள் தள்ளினால் கூப்பிடுபவர் மனிதர். உங்களை மட்டுமா, உங்கள் தம்பியை, அலுவலக மேலாளரை, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவரை எல்லாம் தேடிப்பிடித்துக் கூப்பிடுகிறார். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டு இவரை அடக்க வேண்டியிருந்தது. அத்தனை சுறுசுறுப்பு! கம்பெனியின் பணம் உங்களிடம் மாட்டிக்கொண்டால் உங்கள் வீட்டுப் படியேறி வருவதற்கு ஆள் உண்டு. உங்கள் பணம் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டால் பொம்மை.

டீக்கடைக்குப் பெட்டி பொருத்த வந்த பையனை நினைவிருக்கிறதா? கம்பெனி பனியன் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினானே, அவனும் மனிதன்தான். "எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்கண்ணே" என்று தன் சொந்த எண்ணை ஸ்டிக்கருக்குப் பின்னால் எழுதிக்கொடுத்தான். அந்த மாத இலக்கு முடிந்ததும் கம்பெனி அவனைக் கழற்றிவிட்டது. இன்று வேறு ஏதோ நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு சோறு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். டீக்கடைக்காரர் இன்னும் அவனைத்தான் கூப்பிடுகிறார், பாவம், அவனும் எடுத்துப் பதில் சொல்கிறான். கோடிக்கணக்கில் முதலீடு திரட்டிய ஒரு நிறுவனத்தின் ஒரே வாடிக்கையாளர் சேவை மையம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அந்தப் பையனின் கைபேசி.

பெட்டியோ, "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சுத்தத் தமிழில் கூவுகிறது. தமிழில் பேச வாய் வைக்க முடிந்தவர்களுக்குக் காது வைக்க மட்டும் தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை. "நேத்து வந்த எண்ணூறு எங்கடா?" என்று அதைப் பார்த்துக் கேட்டால் கம்மென்று உட்கார்ந்திருக்கும். மாதம் பிறந்தால் தன் வாடகையைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயில்லை. இதற்குத் தாய்வீடு அமெரிக்கா. அங்கே 'கேஷ் ஆப்' என்ற செயலியின் அட்டையில் ஒரு தொலைபேசி எண் அச்சிட்டிருந்தார்கள். கூப்பிட்டால், செயலிக்குள் போய்க் கேளுங்கள் என்று பதிவுசெய்த குரல் வந்தது. ஆள் கிடையாது. அந்த இடைவெளியில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? போலிச் சேவை எண்களோடு நம் ஆட்களின் பங்காளிகள்! 2025 ஜனவரியில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதன் தாய் நிறுவனமான பிளாக் மீது 5.5 கோடி டாலர் அபராதம் போட்டது. வாடிக்கையாளர்களுக்கு 12 கோடி டாலர் வரை கொடுக்கச் சொன்னது. சுவீடனில் க்ளார்னா என்ற நிறுவனம், எங்கள் இயந்திரம் 700 பேரின் வேலையைப் பார்க்கிறது என்று 2024இல் தம்பட்டம் அடித்தது. அடுத்த வருடமே அதன் தலைவர் தரம் போய்விட்டது என்று சொல்லி, மறுபடி மனிதர்களை வேலைக்குத் தேடினார்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. 2020 ஜூனில் அமெரிக்காவில் 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் 'ராபின்ஹுட்' என்ற பங்குவர்த்தகச் செயலியைத் திறந்தார். கணக்கில் 7,30,000 டாலருக்கும் மேல் கடன் என்று காட்டியது. உண்மையில் அவர் அவ்வளவு தர வேண்டியதே இல்லை. வர்த்தகத்தின் ஒரு பாதி மட்டும் முடிந்து, மறுபாதி கணக்கில் ஏறாமல் நின்ற இடைக்காலக் கோலம் அது. ஒரு மனிதர் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் விளங்கியிருக்கும். கூப்பிட எண் இல்லை. அன்றிரவும் மறுநாள் காலையும் மூன்று முறை மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். வந்ததெல்லாம் இயந்திரம் அனுப்பிய பதில். அந்தப் பிள்ளை உயிரை விட்டுவிட்டது. அதற்கு மறுநாள், கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதையும் இயந்திரமே அனுப்பியது. ஓராண்டு கழித்து அந்த நிறுவனத்துக்குப் பல குற்றங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7 கோடி டாலர் தண்டம் விதித்தார்கள். 2021 அக்டோபரில் 24 மணி நேரத் தொலைபேசி உதவி தொடங்கிவிட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரியவந்தது போலிருக்கிறது.

பழைய வங்கிக் கவுன்ட்டரை நான் கோயிலாக்கப் போவதில்லை. பதினோரு மணிக்கே 'உணவு இடைவேளை' பலகையைத் தேடி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். பாஸ்புக்கைத் தூக்கி எறிந்தவர்களையும் தெரியும். ஆனால் அந்த அறையில் தமிழனின் பிறப்புரிமை ஒன்று பத்திரமாக இருந்தது: "மேனேஜர் யாருய்யா இங்க? கூப்பிடு அவர!" குரல் உயர்ந்தால் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொருவர், "எனக்கும் இப்படித்தாங்க பண்ணாங்க" என்று சேர்ந்துகொள்வார். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எழுந்து வந்து, "உக்காருங்க சார், என்ன விஷயம்" என்று கேட்டே தீர வேண்டும். இந்தச் செயலிகள் முதலில் ஒழித்தது அந்த வரிசையைத்தான். இன்றைக்கு இரண்டு லட்சம் பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒருவர் கத்துவது அடுத்தவருக்குக் கேட்காது. அவரவர் படுக்கையறையில், அவரவர் திரையைப் பார்த்து, தனித்தனியாக "ஏய்."

குறைதீர்ப்பாளர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். 2021 நவம்பரில் பிரதமரே தொடங்கிவைத்த திட்டம். 14448 என்ற எண்ணும் உண்டு, சண்டிகரில் மனுக்களைப் பிரிக்கும் மையமும் உண்டு. வங்கி, கடன், அட்டை எல்லாம் சேர்த்து 2023-24இல் மட்டும் 9.34 லட்சம் புகார்கள் குவிந்தன. அவரிடம் போவதற்கு முன் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, அது நிராகரிக்க வேண்டும் அல்லது 30 நாள் பதில் தராமல் இருக்க வேண்டும். பதில் தராமல் இருப்பதில் கைதேர்ந்தவர்களுக்கு முப்பது நாள் அவகாசம்! பொம்மையோ நான்கே நிமிடத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று எழுதிவைத்துவிடுகிறது. ஒருவேளை திருடரிடம் பறிகொடுத்திருந்தால் 1930-ஐக் கூப்பிடலாம், அங்கே போலீஸ் தரப்பில் ஆள் இருக்கிறார்கள். ஆக, நியாயமான வழியில் ஒரு மனிதக் குரலைக் கேட்க விரும்புகிறவர் முதலில் போய்த் திருட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கடைசியாக ஒரு வழி சொல்கிறேன். கோபம் இருப்பவர்கள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பதிவு அலுவலக முகவரி இணையதளத்தின் அடிவாரத்தில், சாம்பல் நிற எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் பெங்களூரு, மும்பை, குருகிராம். குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒரு பெயரும் இருக்கும். வெள்ளைத்தாளில் மனு எழுதித் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டார்கள், பரவாயில்லை, ரசீது தருகிறார்கள். பதில் வராது. அந்த ரசீதோடு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம்.

திருவாரூரில், விருதுநகரில், தருமபுரியில் அன்றைக்கு அந்த அதிசயம் நடக்கும். பொம்மைக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்திருந்த கம்பெனி, 1,850 ரூபாய்க்காக ஒரு மனிதரை அனுப்பிவைக்கும். கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாக உங்களுக்கு எதிரிலேயே நிற்பார். வியர்க்கும், தண்ணீர் குடிப்பார், கோப்பைப் புரட்டுவார். உங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, பணிவாக, வாய்தா கேட்பார்.